சொல்யூஷன் ரூமைக் கழுவின கதை

எம் புருஷனோட தம்பியக் கட்டிக்கிட்டு வந்தவளுக்குக் கம்பெனியில வச்ச பேரு வக்கீலு. கோர்ட்டுக்கு எந்தப் பக்கம் வாசல்னுகூட அவளுக்குத் தெரியாது. ஆனா வாய் இருந்துச்சே, வாயி! கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியாரு, "ஏண்டி, மாமியார எதுத்துப் பேசலாமா?"ன்னு கேட்டதுக்கு, "எதுக்க நின்னா எதுத்துத்தான் அத்தை பேச முடியும். நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, ஒண்ணாப் பேசலாம்"னா. அதுக்கப்புறம் எங்க மாமியாரு சாகற வரைக்கும் அவகிட்ட வாயக் குடுக்கல. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. நான் அத்தன வருஷம் அந்தக் கெழவிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சமா?

எம் புருஷன் குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தான். அழுதேன், இல்லேங்கல. ஆனா மறுவாரமே நிம்மதியாத் தூங்கினேன், அதையும் சொல்லணுமில்ல. அப்போ வக்கீலுதான் என்ன இழுத்துட்டுப் போயி அவ வேல பாத்த ஷூ கம்பெனி கேன்டீன்ல டீ போடற வேலைக்குச் சேத்துவிட்டா. "வீட்ல குந்தி அவரு போட்டோவத் தொடச்சிட்டு இருக்காத அக்கா. உயிரோட இருந்தப்பவே அந்த மூஞ்சி பளபளன்னு இருந்ததில்ல"ன்னா.

டீ கேனத் தூக்கிக்கிட்டு எல்லா ரூமுக்கும் போறவ நான். அதனால அந்தக் கம்பெனியோட குடலு குந்தாணி எல்லாம் எனக்குத் தெரியும். ஆம்பளைங்க இருந்த மெஷின் ஹாலு பெருசு. கூரை ஓரமா எக்ஸாஸ்ட் ஃபேன் வரிசையாச் சுத்திக்கிட்டே இருக்கும். எதுக்குன்னு நெனைக்கிறீங்க? மெஷினுக்குத் தூசி ஆகாதாம். ரிப்பேராயிடுமாம். பொம்பளைங்க இருந்தது சொல்யூஷன் ரூமு. சொல்யூஷன்னா ரப்பர் பசை. டப்பாவத் தொறந்தா பெட்ரோல் பங்க்குல நிக்கற மாதிரி வாடை. நீளமா ஒரு மேஜை, ரெண்டு பக்கமும் பொம்பளைங்க. ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு பிரஷ். ஷூவோட மேல்தோலுக்கும் அடிப்பாகத்துக்கும் தடவி, கொஞ்சம் ஒட்டற பதம் வந்ததும் கட்டை வெரலால அழுத்திச் சேக்கணும். பிரஷ் போகாத மூலைக்கு வெரலாலதான் தடவுவாளுங்க. சாயங்காலம் வெரல்ல காஞ்சத பாம்பு சட்டைய உரிக்கற மாதிரி உரிச்சுப் போடுவாளுங்க.

ஜன்னல் இருந்துச்சு. ஆனா தொறக்கக் கூடாது. காத்து பட்டா பசை சீக்கிரம் காஞ்சுடும், தூசி விழுந்தா ஷூவ வேணாம்னு கழிச்சுடுவாங்க, அப்புறம் அன்னிக்கு இத்தன ஜோடிங்கற கணக்கு முடியாது. டப்பாவையும் மூட முடியாது. நொடிக்கு ஒரு தடவ பிரஷ்ஷ முக்கறவ எங்க மூடி மூடித் தொறப்பா?

மத்தியானத்துக்கு மேல அந்த ரூமுல ஒரே சிரிப்பா இருக்கும். ஒருத்தி தும்மினா எல்லாரும் சிரிப்பாளுங்க. நான்கூட மொதல்ல, என்னடா இது, நம்ம வீட்ல இல்லாத சந்தோசம் இங்க கொட்டிக் கெடக்குன்னு நெனச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, அது வாடை தலைக்கு ஏறின சிரிப்பு. வீட்டுக்குப் போனதும் தலையப் புடிச்சிக்கிட்டுப் புள்ளைங்கள அடிப்பாளுங்க.

அந்த மேஜையில மூலையில உக்காந்திருந்த ஒருத்தி ஒருநாள் சுவத்தப் புடிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போனா. திரும்பி வரல. வயசாயிடுச்சுன்னு சொன்னாங்க. என்ன வயசு? என்னைவிட எளையவ. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் நம்ம வக்கீலுக்கே வந்துச்சு. ரோட்டுல நடந்து வரா, ஒரு காலு செருப்பு எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு, அவளுக்குத் தெரியவேயில்ல. நான்தான் பின்னால வந்தவ எடுத்துட்டு ஓடினேன். "என்னடி, காலுல செருப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாதா?"ன்னேன். அவ காலக் குனிஞ்சு பாத்தா. யாரோ எடுத்துட்டு வந்து மாட்டிவிட்ட காலப் பாக்கற மாதிரி பாத்தா.

கம்பெனி டாக்டரு ரத்தம் கம்மின்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. "எங்க ரூமுல இருக்கற எல்லாருக்குமே ரத்தம் கம்மியா சார்? கொசு எங்க ரூமுக்கு மட்டுந்தான் வருதா?"ன்னு கேட்டாளாம். "அடுத்த ஆளு"ன்னு கூப்பிட்டுட்டாராம்.

அவளுக்கு ஒரே பொண்ணு. படிப்ப நிறுத்தினதும் அதுவும் அந்தக் கம்பெனிக்குத்தான் வந்துச்சு. மெஷின் ஹால்ல பொம்பளைங்கள எடுக்க மாட்டாங்க. கனமான மெஷினாம், பொம்பளைங்களால ஆகாதாம். ஆனா சொல்யூஷன் டப்பா மூட்டைய குடோன்லருந்து தூக்கிட்டு வரதெல்லாம் பொம்பளைங்கதான். அது கனமில்ல போல! அதனால அம்மா பக்கத்துலயே பொண்ணும் பிரஷ்ஷப் புடிச்சுச்சு. வேலைக்குச் சேந்த அன்னிக்கு வக்கீலு எங்கிட்ட வந்து நின்னா. அவ குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்னிக்குத்தான்.

"அக்கா, எனக்குப் போனது போகட்டும். எம் பொண்ணு காலு போறதுக்கு முன்னால அந்த ரூமுக்கு எக்ஸாஸ்ட் வந்தாகணும். இல்லன்னா அவள மெஷினுக்கு மாத்தணும். ரெண்டுல ஒண்ணு. அதுக்கு நான் எவன் காலுல வேணும்னாலும் விழுவேன், எவன் சட்டைய வேணும்னாலும் புடிப்பேன்."

அதுக்கப்புறந்தான் அவ சங்கத்துல எறங்கினா. சங்க ஆபீஸு ஒரு சைக்கிள் கடைக்கு மேல. ஏணி மாதிரி செங்குத்தாப் படி. சந்தா எல்லாரும் கட்டறோம், ஆனா கூட்டத்துல ஆம்பளைங்க முன்னால நாற்காலியில, நாங்க பின்னால பாயில. வக்கீலு பாயி மேல நின்னுக்கிட்டே பேசினா. எக்ஸாஸ்ட் வேணும், பொம்பளைங்களையும் மெஷின்ல எடுக்கணும், ஒரே வேலைக்கு ஒரே கூலி வேணும்னா.

செயலாளரு நல்ல மனுஷன்தான், ஆனா தலைய ஆட்டறதுல கெட்டிக்காரரு. "கண்டிப்பாம்மா. ஆனா மொதல்ல போனஸ் விஷயம். பொதுப் பிரச்சன முடியட்டும், அப்புறம் பொம்பளைங்க பிரச்சன"ன்னாரு.

"ஏன் சார், நாங்க பொதுவுல இல்லையா? சந்தாவ மட்டும் பொதுவாத்தானே வாங்கறீங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. "விடாத வக்கீலு!"ன்னு ஒருத்தன் கத்தினான். செயலாளரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே, "போனஸ் மொதல்லன்னு சொல்றவங்க கையத் தூக்குங்க"ன்னாரு. அவ்வளவு கை. அதுல எங்க கொழுந்தன் கையும் இருந்துச்சு. அவ புருஷன், மெஷின் ஹால்ல அடிப்பாகத்த அழுத்தற மெஷின்ல நிக்கறவன். வக்கீலு அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னா. அவன் அவ பாக்கறதப் பாத்தான், ஆனா கைய எறக்கல. பக்கத்துல நாலு பேரு இருக்கறப்போ ஆம்பள கை சட்டுன்னு எறங்குமா?

வீட்ல வந்து கேட்டா. நான் அடுத்த ரூமுலதான இருக்கேன், எல்லாம் காதுல விழுந்துச்சு.

"எதுக்குத் தூக்கினீங்க?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"எல்லாருக்கும் பொண்டாட்டி காலு போகுதா?"

அவன் சொன்னான், "போனஸ் வந்தா உன்ன வெளி டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போலாம்னுதான்டி."

அன்னிக்கு ஜெயிச்சது அவன்தான். ஜெயிச்சுட்டுத் தட்ட அவனே எடுத்துப் போட்டுத் தின்னான்.

போனஸ் வந்துச்சு. வெளி டாக்டரும் பாத்தாரு. எந்த வேலன்னு கேட்டுட்டு, "அந்த வேலைய விட்டுடுங்க"ன்னாரு. விட்டுட்டு? அத அவரு சொல்லல.

அதுக்கப்புறம் ரூமுல கல்யாணமான ஒரு சின்னப் பொண்ணுக்குக் கரு கலைஞ்சுச்சு. அவளுக்கு அது மொத தடவ இல்ல. மேஜையிலயே மடங்கி உக்காந்துட்டா. அன்னிக்குத்தான் மத்தவளுங்களுக்கும் உறைச்சுது. ஷிஃப்ட் முடிஞ்சதும் வக்கீலு எல்லாரையும் திரட்டிக்கிட்டு சங்க ஆபீஸுக்குப் போனா. அந்தப் படிய அவளால ஏற முடியல. திரும்பி உக்காந்துக்கிட்டு, கைய ஊனி, ஒவ்வொரு படியா பின்னாலயே மேல ஏறினா. சைக்கிள் கடைக்காரன் வேடிக்க பாத்தான். "என்ன பாக்கற? டிக்கெட்டு வாங்கிட்டுப் பாரு"ன்னா.

மேல போயி செயலாளரு முன்னால ஒரே வார்த்தைதான். "இந்த மாசத்துலருந்து சொல்யூஷன் ரூமு சந்தா கெடையாது. எக்ஸாஸ்ட் வந்ததும் கட்டறோம்."

அவரு மூஞ்சி செத்துப் போச்சு. அந்த ரூமுலதானே ஆளுங்க ஜாஸ்தி! மறுநாளே சர்க்காருக்கு மனு எழுதினாரு. தொழிற்சாலையச் சோதன போடற இன்ஸ்பெக்டரு வந்து பாத்து, ஃபேன் வைக்கணும்னு எழுதிட்டா, மொதலாளி வச்சே ஆகணும், இல்லன்னா அந்த ரூமுக்குப் பூட்டுன்னு செயலாளரே சொன்னாரு. வக்கீலு மொகத்துல வெளிச்சத்த நான் கடைசியாப் பாத்தது அந்தக் காலத்துலதான். காத்திருந்தா, காத்திருந்தா, பொண்ணு கைய தினமும் கிள்ளிக் கிள்ளி, "வலிக்குதா?"ன்னு கேட்டுக்கிட்டே காத்திருந்தா. அந்தப் பொண்ணு, "வலிக்குதும்மா, வலிக்குது, விட்டுத் தொல"ன்னு கத்தும். கத்தினா இவளுக்கு நிம்மதி.

கடைசியா ஒருநாள் செயலாளரு வந்து, நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டரு வராருன்னு சொன்னாரு. வக்கீலுக்குத் தலகால் புரியல. ரூமுல போயி எல்லார்கிட்டயும் சொன்னா. "அடியே, நாளைக்கு நம்ம ரூமத்தான் பாக்க வரார். பெரிய ஆபீசரு. நமக்காக வரார்டி!"

அவ்வளவுதான் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு யாருக்குத் தோணும்?

மறுநாள் அவ நேரா கேட்டுக்குப் போயிட்டா, செயலாளரு கூட நின்னு ஆபீசர வரவேற்க. நான் டீ போட்டு கேனத் தூக்கிட்டு சொல்யூஷன் ரூமுக்குப் போறேன், கதவத் தொறந்தா எனக்கே ரூமு மாறி வந்துட்டோமான்னு ஆயிடுச்சு. தரை பளிச்சுன்னு இருக்கு. சோப்புத் தண்ணி வாசம் அடிக்குது. ஜன்னல் பூரா தொறந்து கெடக்கு. சிந்திக் காஞ்சு கெடந்த பசையெல்லாம் சொரண்டி எடுத்தாச்சு. டப்பாவெல்லாம் மூடி போட்டு, பெருசு சிறுசா சுவத்தோரம் அடுக்கி வச்சிருக்கு. எல்லாவளும் தலைய வழிச்சு வாரி, நல்ல துணி உடுத்தி, மேஜைக்கு முன்னால நிக்கறாளுங்க. விடியறதுக்கு முன்னாலயே வந்து கழுவியிருக்காளுங்க. சூப்பர்வைசரு வாசல்ல நின்னு பல்லக் காட்டறான். அவன் ஒரு வார்த்த சொல்லல, ஒருத்தியையும் மெரட்டல. "இன்னிக்கு ஒரு நாள் மெதுவாப் பண்ணுங்கம்மா, பரவாயில்ல"ன்னு மட்டும் சொன்னானாம்.

இதுக்கெல்லாம் தலைவி மினுக்கின்னு ஒருத்தி, எப்பப் பாத்தாலும் எதையாவது தொடச்சிக்கிட்டே இருப்பா. அவகிட்ட, "அடிப்பாவி, என்னடி பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னேன்.

"என்னக்கா? வெளி ஆளு வரப்போ கேவலமா வச்சிருந்தா யாரக் காறித் துப்புவாங்க? பொம்பளைங்க இருக்கற எடமா இதுன்னுதானே கேப்பாங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னால பூட்ஸ் சத்தம். வந்துட்டாங்க.

வக்கீலு சுவத்தப் புடிச்சிக்கிட்டே வந்து வாசல்ல நின்னா. உள்ள பாத்தா. நான் அவ மூஞ்சியத்தான் பாத்தேன். பாத்திருக்க வேணாம்.

இன்ஸ்பெக்டரு சின்ன வயசுக்காரரு, மரியாதையான ஆளு. மூக்க உறிஞ்சிப் பாத்தாரு. "காத்தோட்டம் நல்லா இருக்கே"ன்னாரு.

"சார், இது இன்னிக்குத்தான் சார்! தினமும் ஜன்னல் சாத்தித்தான் இருக்கும்."

"அப்படியா?"ன்னு மத்தவளுங்களக் கேட்டாரு. "ஜன்னல் சாத்தி வச்சா மூச்சு முட்டுமாம்மா?"

சூப்பர்வைசரு பக்கத்துலயே நிக்கறான். மொதலாளியும் நிக்கறாரு. ஒருத்தி தரையப் பாக்கறா, இன்னொருத்தி முந்தானைய முறுக்கறா. மினுக்கிதான் சொன்னா, விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி, "ஒண்ணும் கஷ்டமில்லீங்க சார்."

"மூடியத் தொறந்து பாருங்க சார்!"னு வக்கீலு கத்தினா. அவரு ஒரு டப்பாவத் தொறந்து பாத்துட்டு மூடினாரு. "மூடியே வச்சிருக்கீங்க. ரொம்ப நல்ல பழக்கம்"னாரு.

அவ நடந்து உள்ள வந்தா. நடந்தான்னு சொல்றேன், மேஜையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. "என் காலப் பாருங்க சார். இந்த ரூமு தின்ன காலு சார் இது"ன்னு சேலையத் தூக்கிக் காட்டினா. முழங்காலுக்குக் கீழ சத இல்லாம குச்சி மாதிரி. அவரு சங்கடப்பட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. "நான் டாக்டர் இல்லம்மா. ரூமத்தான் பாக்க வந்தேன். ரூமு நல்லா இருக்கு"ன்னாரு.

பொண்ணு ஓடிவந்து அம்மாவோட சேலைய எறக்கிவிட்டுச்சு. "போதும்மா, மானம் போகுது"ன்னு அழுதுச்சு.

எழுதிட்டுப் போயிட்டாரு. ரூமு சுத்தமா, பாதுகாப்பா இருக்கு, தனியா ஃபேன் தேவையில்லன்னு. மொதலாளிக்கு ஒரே குஷி. ரூமுல இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு சோப்பு குடுத்தாரு, சுத்தமா வச்சதுக்குப் பரிசாம். மறுநாள் ஜன்னல் சாத்திக்கிச்சு. மூடியெல்லாம் தொறந்துக்கிச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மினுக்கி எங்க வீட்டு வாசல்ல வந்து ஓன்னு அழுதா. "எங்களுக்குத் தோணலயேடி... சுத்தமா இல்லாம எப்படி ஒரு ஆள உள்ள விடறதுன்னுதானே பாத்தோம்... நீ என்னய அடி, நாலு அறை அறை." வக்கீலு காறித் துப்புவா, செருப்பக் கழட்டுவான்னுதான் நான் நெனச்சேன். அவளோ மினுக்கி தலையத் தடவி விட்டா.

"உம்மேல என்னடி தப்பு? அழுக்கா வச்சிருங்கன்னு நான் சொல்லியிருக்கணும். நம்மள அப்படி யாரு வளத்தா?"

அப்படிச் சொல்றதுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ! எனக்கு வந்திருக்காது. நான் அவள அந்தச் சோப்பாலயே அடிச்சிருப்பேன்.

கொஞ்ச நாள்ல வக்கீலால கேட்டு வரைக்கும்கூட வர முடியல. வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதி அனுப்பிட்டாங்க. செயலாளரு ஒரு பை ஆப்பிளோட வீட்டுக்கு வந்தாரு. "ஒருதடவ நல்லா இருக்குன்னு எழுதினப்புறம் இப்போதைக்கு மறுபடி கூப்பிட முடியாதும்மா. ஆனா போராட்டம் தொடரும்"னாரு.

"தொடருங்க சார். எனக்குத்தான் தொடர காலு இல்ல"ன்னா.

அவரு சிரிக்கலாமா வேணாமான்னு தெரியாம ஆப்பிளப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. சந்தாவும் மறுபடி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. யாரு இழுத்துப் புடிக்கறதுக்கு இருக்கா?

பொண்ண வேலைய விடச் சொல்லி தினமும் சண்ட. கெஞ்சினா, திட்டினா, சாப்பிடாமக் கெடந்தா. அந்தப் பொண்ணுக்கும் அம்மா வாய்தானே! "நீ எந்திரிச்சு நாலடி நடந்து காட்டு, நான் நின்னுக்கறேன்"னுச்சு. சொல்லிட்டு அதுவே மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. கொழுந்தன் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்குமே பத்தல. வேற கம்பெனியில கேட்டுப் பாத்தோம். அங்கயும் பொம்பளைங்களுக்குன்னா பசை வேலதான்.

அப்புறம் வக்கீலு பேசறதக் கொறச்சுட்டா. நான் வம்புக்கு இழுத்துப் பாத்தேன். "என்னடி, வாயில சொல்யூஷன ஒட்டிட்டாங்களா?"ன்னேன். சும்மா பாத்தா. பொண்ணு கையக் கிள்ளிப் பாக்கறதையும் நிறுத்திட்டா. ஏன்னு நான் கேக்கல.

போன வாரம் காலையில நான் அவளுக்குக் காபி எடுத்துட்டுப் போனேன். பொண்ணு வேலைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்துச்சு. கம்பெனி கோட்டு போட்டிருக்கு, பித்தான் போடல. கண்ணாடி முன்னால நின்னு ஒரு பித்தான ஓட்டைக்குள்ள விட்டுப் பாக்குது, நழுவுது. மறுபடி விடுது, நழுவுது. அப்புறம் சகஜமா, ஒண்ணும் நடக்காத மாதிரி, கட்டிலுக்கு வந்து, "அம்மா, இதக் கொஞ்சம் போட்டு விடேன், நேரமாச்சு"ன்னு குனிஞ்சுச்சு.

வக்கீலு ரெண்டு கையையும் தூக்கினா. பித்தானப் புடிச்சா. அவ வெரலும் புடிக்கல. ரெண்டு பேரும் ஒரே பித்தானப் புடிச்சிக்கிட்டு நிக்கறாங்க, ரெண்டு பேராலயும் முடியல. ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்கல.

நான் காபிய வச்சுட்டுப் போயி, மேலருந்து கீழ வரைக்கும் எல்லாப் பித்தானையும் போட்டு விட்டேன்.

"வரேன் பெரியம்மா"ன்னு அது போச்சு. தெருமுனை திரும்பற வரைக்கும் வக்கீலு ஜன்னல் வழியா அது நடக்கறதையே பாத்துக்கிட்டு இருந்தா. காபி ஆறிப் போச்சு.